இருபது போரா, பன்னிரண்டு போரா?

போன ஆகஸ்டில் ஒரு ராத்திரி. திருப்பூரில் துணி வெட்டும் கட்டிங் ஹாலைப் பூட்டிவிட்டுக் காங்கயம் வந்து சேரவே பத்து மணி ஆகிவிட்டது. தட்டில் கை வைத்த நேரத்தில் மின்னசோட்டாவிலிருந்து அக்கா மகன் கூப்பிட்டான்.

"மாமா, துப்பாக்கி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கறனுங்க. இருபது போர் நல்லதுங்களா, பன்னெண்டு போருங்களா?"

"என்னத்தச் சுடப் போற மாப்ள?"

"க்ரௌஸுங்க, காட்டுப் பறவைங்க."

போர் என்றால் சண்டை இல்லை, துப்பாக்கிக் குழலின் துளை அளவு; கணக்கைப் பின்னால் சொல்கிறேன். அவன் கூட வேலை செய்கிற ஆள் ஒருவர் நாய் வைத்திருக்கிறாராம். செப்டம்பர் நடுவில் சீசன் திறந்தால் வருடக் கடைசி வரைக்கும் காட்டுக்குள் போகலாமாம். ஒரு நாளைக்கு 5 பறவைதான் கணக்கு. அந்த ஊரில் அது சட்டத்துக்கு உட்பட்ட விளையாட்டு. இவனுக்குக் கிரீன் கார்டு வந்துவிட்டதால் வழி சுலபம். ஹெச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் அமெரிக்காவில் துப்பாக்கியைத் தொடுவதற்கே செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் நண்பனின் துப்பாக்கியை வாங்கிச் சுட்டுப் பார்த்தால்கூட மத்தியச் சட்டப்படி குற்றம். நம் பிள்ளைகள் பல பேருக்கு இது தெரிவதில்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம், 1979-க்குப் பிறகு பிறந்தவர்கள் மின்னசோட்டாவில் பொதுவாகத் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்றிதழ் இல்லாமல் வேட்டை உரிமம் வாங்க முடியாது. இவன் அதையும் முடித்திருந்தான்.

என்னை எதற்குக் கேட்டான் என்றால், எங்கள் குடும்பத்தில் இப்போது துப்பாக்கி லைசென்ஸ் இருப்பது என்னிடம் மட்டும்தான். அப்பாருவுடையது, அதாவது தாத்தாவுடையது. பர்மிங்காமில் செய்த இரட்டைக்குழல், பன்னிரண்டு போர். கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், ஆடு மாடு காக்கவும் பயிர் காக்கவும் என்று வாங்கியது. கௌதாரியும் சுட்டிருக்கிறார். 1972-இல் வனஉயிர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தத்தோடு பொழுதுபோக்கு வேட்டை என்ற பேச்சே இங்கே முடிந்துபோனது. அதனால் நான் உயிர் எதையும் சுட்டதில்லை, சுடப்போவதும் இல்லை. நான் சுடுவது தட்டு. காரில் நாலு மணி நேரம் போனால் துப்பாக்கி சுடும் ரேஞ்ச் ஒன்று இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போவேன். எந்திரம் வீசியெறியும் 11 சென்டிமீட்டர் அகலத் தட்டை வானத்தில் உடைப்பதுதான் ஆட்டம். களிமண் தட்டு என்று பெயர், ஆனால் இப்போது செய்வது சுண்ணாம்புக்கல் பொடியும் தாரும் கலந்து. புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடியது இந்த ஆட்டம்தான்.

சரி, மாப்பிள்ளை கேள்விக்கு வருகிறேன். அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. "பறவை எவ்வளவு தூரத்துல எந்திரிக்குதுன்னு அந்த நாய்க்காரரைக் கேட்டுட்டு வா" என்று போனை வைத்துவிட்டேன். அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் இதே கேள்வியைத் தப்பான பக்கத்திலிருந்து கேட்டு நான் ஒரு வருடத்தை வீணாக்கியவன்.

அப்பாரு இறந்து, வாரிசு அடிப்படையில் கலெக்டர் ஆபீசுக்கு அலைந்து லைசென்ஸை என் பேருக்கு மாற்றி, நடுவில் ஒரு தேர்தல் வந்து துப்பாக்கியை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கி, ஒருவழியாக ரேஞ்சுக்குப் போன முதல் நாள். தோட்டா விற்ற கடைக்காரரிடம் பன்னிரண்டு போர் என்று மட்டும் சொன்னேன். அவர் 70 மில்லிமீட்டர் தோட்டா கொடுத்தார். "இதுக்குப் போகுமுங்களா?" என்று கேட்டதற்கு, "பன்னெண்டுக்குப் பன்னெண்டு, போகாம எங்க போகும்?" என்றார். போனது. குழலுக்குள் வழுக்கிக்கொண்டு போய் அழகாக உட்கார்ந்தது. இரண்டு சுட்டேன். தோளில் மாடு முட்டின மாதிரி இருந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் நான் மூன்றாவதைப் போடுவதற்குள் கையைப் பிடித்துவிட்டார். கீழே கிடந்த காலித் தோட்டாவை எடுத்து அதன் வாயைக் காட்டினார். வாய் ஓரம் நசுங்கிப் பிசிறு பிசிறாகக் கிழிந்திருந்தது.

விஷயம் இதுதான். தோட்டாவின் மேல் போட்டிருக்கும் நீளம், சுட்ட பிறகு வாய் விரிந்த நிலையில் இருக்கும் நீளம். சுடுவதற்கு முன் வாய் மடித்திருப்பதால் 70 மில்லிமீட்டர் தோட்டா 60-க்கும் குறைவாகவே இருக்கும். ஆகவே 65 மில்லிமீட்டர் சேம்பருக்குள், அதாவது குழலில் தோட்டா உட்காரும் அறைக்குள், தாராளமாகப் போய்விடும். சுடும்போது மடிப்பு விரிய இடம் இல்லாமல், குழல் குறுகும் இடத்தில் போய் அடைத்துக்கொள்ளும். அழுத்தம் எகிறும். பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிகள் பெரும்பாலும் இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர் சேம்பர். என்னுடையதைப் பிரித்துக் குழலின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பார்த்தால் எல்லாம் அங்கேயே பொறித்திருந்தது: சேம்பர் நீளம் 2½, புகையில்லா மருந்துக்குச் சோதித்த முத்திரை, ஈய மணி அதிகபட்சம் ஒன்றே அரைக்கால் அவுன்ஸ், அதாவது 32 கிராம். அப்பாருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் அவர் பெட்டியில் கிடந்த பழைய தோட்டா அத்தனையும் 65. படித்த நான்தான் பார்க்கவில்லை.

போர் என்பது துளையின் அளவு, அவ்வளவே. ஒரு பவுண்டு ஈயத்தை எத்தனை சம உருண்டையாகப் பிரித்தால் ஓர் உருண்டை அந்தக் குழலுக்குள் சரியாக இறங்குமோ, அந்த எண்ணிக்கை. பன்னிரண்டாகப் பிரித்தால் பெரிய உருண்டை, 18.5 மில்லிமீட்டர் துளை. இருபதாகப் பிரித்தால் 15.6. அதனால்தான் எண் கூடக்கூடக் குழல் சிறுக்கிறது. நூல் கவுண்ட் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபதாம் நம்பர் நூலைவிட நாற்பதாம் நம்பர் மெலிசு. திருப்பூர்க்காரனுக்கு இதை விளக்க அரை நிமிஷம் போதும். இதில் 410 மட்டும் விதிவிலக்கு. அது அங்குலக் கணக்கில் துளையின் விட்டம்.

தோட்டாவுக்குள் இருக்கும் ஈய மணிகளை எங்கள் பக்கம் பால்ரஸ் என்போம். 24 கிராம் பால்ரஸை பன்னிரண்டில் போட்டாலும் இருபதில் போட்டாலும் மணிகளின் எண்ணிக்கை ஒன்றுதான். வெளியே போன பிறகு எந்தக் குழலிலிருந்து வந்தோம் என்று அந்த மணிக்குத் தெரியாது. அவை எவ்வளவு அகலமாக விரிகின்றன என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் குழல் முனையில் இருக்கும் சோக், அதாவது இறுக்கம். முழு சோக் என்றால் முனையில் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் குறுகல். கால் சோக் என்றால் கால் மில்லிமீட்டர். முடி கனம்தான், ஆனால் பறவை கிடைப்பதும் கிடைக்காததும் அதில்தான் இருக்கிறது.

நான் இதை நம்பியது காகிதத்தில் பார்த்த பிறகுதான். கட்டிங் ஹாலில் துணி வெட்டும் அளவுகளை வரைகிற பிளாட்டர் பேப்பர் ரோல் ஒன்றை ரேஞ்சுக்கு எடுத்துப் போனேன். ஆளுயர அகலம் இருப்பதால் ஒட்டுப்போட வேண்டியதில்லை. எல்லாரும் சுட்டு முடித்த பிறகு அனுமதி கேட்டு, இரண்டு சவுக்குக் கம்புக்கு நடுவில் கட்டி, டேப் பிடித்து 36 மீட்டர் அளந்து நின்று, வலது குழலில் ஒன்று சுட்டேன். அதிகமாக ஓட்டை விழுந்த இடத்தை நடுவாக வைத்து 76 சென்டிமீட்டர் வட்டம் போட்டு, ஒவ்வொரு ஓட்டையையும் ஸ்கெட்ச் பேனாவால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். தொடாமல் எண்ணினால் முப்பதுக்கு மேல் கணக்கு குழம்பிவிடும். 28 கிராம் ஏழாம் நம்பர் தோட்டாவில் ஏறக்குறைய 335 மணி. (நம்பர் என்பது மணியின் அளவு, எண் கூடக்கூட மணி சிறுக்கும்.) வலது குழல் வட்டத்துக்குள் போட்டது 160 சொச்சம், கிட்டத்தட்ட பாதி. இடது குழல் 230. ஒவ்வொன்றிலும் மூன்று தடவை சுட்டுச் சராசரி எடுத்தது இது. ஒரு தடவை மட்டும் சுட்டு முடிவு கட்டாதீர்கள். அதே பெட்டித் தோட்டாவே ஆளுக்கொரு மாதிரி நடந்துகொள்ளும்.

புத்தகக் கணக்கும் இதுதான்: கால் சோக் ஐம்பது சதவீதம், முழு சோக் எழுபது. ஆனால் எனக்குக் கண் திறந்தது அடுத்த காகிதத்தில். 18 மீட்டருக்குக் கிட்டே வந்து அதே இடது குழலில் சுட்டேன். அத்தனை மணியும் ஒரு தாம்பாளத்தட்டு அளவுக்குள், 40 சென்டிமீட்டருக்குள் விழுந்து காகிதத்தையே கிழித்துவிட்டது. வலது குழல் அதே தூரத்தில் 65 சென்டிமீட்டருக்கு அழகாகப் பரப்பியிருந்தது. அத்தனை நாளும் கிட்டத்தில் போகும் தட்டுக்கு நான் பின் ட்ரிக்கரை, அதாவது இடது குழலை, இழுத்துக்கொண்டிருந்தேன். "அந்தக் குழலு ஸ்ட்ராங்கு" என்று நினைப்பு.

நாலு நாள் கழித்து மாப்பிள்ளை கூப்பிட்டான். நாய்க்காரர் சொன்னாராம்: பத்துப் பன்னிரண்டு மீட்டரில் கிளம்பும், இருபது மீட்டருக்குள் மரத்துக்குப் பின்னால் மறையும், யோசிக்க ஒன்றரை நொடி. அது நம் கௌதாரி மாதிரியேதான். கிளுவை வேலி ஓரம் கொழுக்கட்டைப்புல்லுக்குள் கமுக்கமாக இருந்துவிட்டு, காலடியில் வந்ததும் விர்ரென்று கிளம்பி நம் நெஞ்சைப் பதற வைக்கும். அறிவியல் கணக்கிலும் இரண்டும் ஒரே குடும்பம். (இங்கிலீஷில் சேண்ட்க்ரௌஸ் என்று பெயர் வைத்திருக்கும் நம் கல்கௌதாரிதான் அந்தக் குடும்பத்தோடு சம்பந்தமே இல்லாதது. வெள்ளைக்காரன் பெயர் வைத்த லட்சணம்.) ஒரே வித்தியாசம், கௌதாரி கிளம்பினால் கொறங்காட்டில் மறைவு கம்மி, வெள்வேல மரம் அங்கொன்று இங்கொன்று. அங்கே ஆஸ்பென் மரங்கள் கட்டைவிரல் தடிமனில் தட்டைக்காடு போல நெருக்கமாக நிற்குமாம்.

"அப்பறம் கடைல என்ன சொன்னாங்க?" என்றேன்.

"பன்னெண்டு போர், மூணு இன்ச் மேக்னம், நாலாம் நம்பர், 36 கிராமுங்க. முழு சோக். எதுவும் தப்பாதுன்னாங்க."

அரைக் கிலோ பறவை! ஒலிம்பிக்கில் 30 மீட்டருக்கு மேல் பறக்கும் தட்டை உடைக்கவே 24 கிராம்தான் விதி. இருபது மீட்டரில் முழு சோக்கில் 36 கிராம் என்றால், பட்டால் கறி மிஞ்சாது, தாம்பாள அளவு வட்டத்தில் பட்டால்தானே! உதைப்பு வேறு. பழைய இங்கிலாந்துக்காரர்களின் கணக்கு ஒன்று உண்டு: பால்ரஸ் எடையைப் போல 96 மடங்கு துப்பாக்கி எடை இருந்தால் தோள் தாங்கும். 36 கிராமுக்கு ஏறக்குறைய மூன்றரைக் கிலோ வருகிறது. நாள் முழுக்கப் புதருக்குள் அதைச் சுமப்பவன் பறவை கிளம்பும்போது தூக்கவே மாட்டான். 25 கிராமுக்கு 2.4 கிலோ போதும். உதைப்புக்குப் பயந்த தோள் ட்ரிக்கரை இழுப்பதற்கு முன்னாலேயே கண்ணை மூடிவிடும். இது எனக்கு ஆறு மாதம் நடந்தது. வெளியே சொல்ல வெட்கம்.

கடைசியில் அவனுக்கு நான் சொன்னது இருபது போர், மேலும் கீழுமாக இரண்டு குழல், மூன்று கிலோவுக்குள் எடை, சோக் மாற்றிக்கொள்ளும் வசதி உள்ளது. முதல் குழலில் கால் சோக் அல்லது அதைவிடத் திறந்தது, இரண்டாவதில் அரை. தோட்டா முக்கால் அரைக்கால் அவுன்ஸ், 25 கிராம். இலை உதிராத செப்டம்பரில் எட்டாம் நம்பர், இலை கொட்டிப் பறவை தூரத்திலேயே கிளம்பும் அக்டோபர் கடைசியில் ஏழரை. பன்னிரண்டே கையில் இருக்கிறவர் அதை விற்றுவிட்டு இருபது வாங்க வேண்டியதில்லை. அதே பன்னிரண்டில் 24, 28 கிராம் தோட்டா போட்டுச் சோக்கைத் திறந்துவிட்டால் போதும். இருபதின் லாபம் எடையில் மட்டும்தான். ரொம்ப லேசான இருபதில் கனத்த தோட்டா போட்டால் அது பன்னிரண்டைவிட மோசமாக உதைக்கும்.

நம்பரில் ஒரு குழப்பம் இருக்கிறது. இங்கிலாந்து நம்பரும் அமெரிக்க நம்பரும் ஒன்றல்ல. இங்கிலாந்து ஆறு 2.6 மில்லிமீட்டர், அமெரிக்க ஆறு 2.8. இங்கிலாந்து ஏழும் அமெரிக்க ஏழரையும் ஒரே 2.4. இங்கே சுட்டவன் சொல்லும் நம்பரை அங்கே கடையில் போய்க் கேட்டால் வேறு சாமான் வரும். மில்லிமீட்டரைப் பார்த்து வாங்குவதே நல்லது. ஈயம் கூடாது என்று அறிவித்த இடமாக இருந்தால் எஃகு மணி வாங்க வேண்டும். எஃகு லேசு என்பதால் இரண்டு சைஸ் பெரியதாக எடுக்க வேண்டும். என் அப்பாரு துப்பாக்கி மாதிரிப் பழைய குழலில் எஃகைப் போடவே கூடாது.

இன்னொன்றை மட்டும் அவனிடம் மூன்று தடவை திருப்பிச் சொல்ல வைத்தேன். நாய்க்காரரிடம் பன்னிரண்டு, இவனிடம் இருபது. இருபது தோட்டா பன்னிரண்டு குழலுக்குள் தவறி விழுந்தால் அது கீழே வராது, மேலேயும் போகாது, சேம்பர் முடிந்து குழல் குறுகும் இடத்தில் சிக்கி நிற்கும். சுட்டால் டிக் என்று மட்டும் கேட்கும். தோட்டா போடவில்லை போல என்று நினைத்துப் பின்னால் ஒரு பன்னிரண்டைப் போட்டுச் சுட்டால் குழல் இடது கையில் வெடிக்கும். இருபது தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வதே இதற்காகத்தான். இரண்டும் ஒரே பையில், ஒரே காரின் ஒரே டப்பாவில் இருக்கக் கூடாது. அதேபோல வேலிக் கடவு தாண்டும்போது துப்பாக்கியை மடக்கித் திறந்து தோட்டாவை வெளியே எடுத்துவிட்டுத்தான் அப்பாரு காலைத் தூக்குவார். அங்கே வேலி இல்லை என்றால் விழுந்து கிடக்கும் மரம் இருக்குமே.

செப்டம்பர் முதல் வாரம் அக்கா பேத்தியைப் பார்க்க மின்னசோட்டா கிளம்பினாள். அவள் பெட்டியில் பிளாட்டர் பேப்பரை ஆறு மீட்டர் சுருட்டி வைத்தேன்.

"முறுக்கு வெக்கற எடத்துல பேப்பரு வெக்கறயே, உனக்குப் புத்தி கித்தி இருக்குதா?"

"மாப்ளைக்கு வேணுமக்கா."

"அமெரிக்காவுல பேப்பரு இல்லையாக்கும்!"

சீசன் திறந்த முதல் நாள் அவன் கணக்கு: கிளம்பிய பறவை ஏழு, சுட்டது மூன்று, விழுந்தது இலை மட்டும். போனில் குரல் சுரத்தே இல்லை. வீடியோவில் வந்து துப்பாக்கியைத் தோளில் வைத்துக் காட்டச் சொன்னேன். காலியாக இருக்கிறது என்று திறந்து காட்டிய பிறகு, கண்ணை மூடிக்கொண்டு தோளுக்கு ஏற்றச் சொல்லி, அப்புறம் கண்ணைத் திறந்து என்ன தெரிகிறது என்று கேட்டேன். குழலின் முனை தெரியாமல் பின்பக்கக் கட்டையே மறைத்தது. மேலே குளிருக்குப் போட்ட தடித்த ஜாக்கெட், அதற்கு மேல் சட்டப்படி போட வேண்டிய ஆரஞ்சு மேலாடை. கட்டை அக்குளில் மாட்டி மாட்டி மேலே வந்தது. கடையில் டி-ஷர்ட்டோடு நின்று அளவு பார்த்து வாங்கியிருக்கிறான். மாதிரி சைஸ் எல் போட்டுப் பார்த்துவிட்டு ஸ்வெட்டருக்கு மேல் எம் ஆர்டர் கொடுத்தால் பையர் சும்மா விடுவானா? துப்பாக்கி ரிப்பேர்காரரிடம் போய்க் கட்டையில் ஒன்றரை சென்டிமீட்டர் குறைத்தான். தச்சரிடம் கொடுக்காதே என்று சொல்லியிருந்தேன். கோணம் மாறினால் குழல் வேறு பக்கம் பார்க்கும். தினமும் காலையில் காலித் துப்பாக்கியை இருபது தடவை ஏற்றி இறக்கினான். அக்கா அதைப் பார்த்து எனக்குத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டியது வேறு கதை.

அடுத்த வாரம் அங்கே ஒரு ரேஞ்சில் திருப்பூர் பேப்பரைக் கட்டி 18 மீட்டரில் சுட்டுப் போட்டோ அனுப்பினான். முதல் குழல் நன்றாகத்தான் விரித்திருந்தது, ஆனால் வட்டம் முழுக்க ஒரு சாண் இடது பக்கம் தள்ளி. எந்தக் கண் ஆள்கிறது என்று விரலை நீட்டிப் பார்க்கச் சொன்னேன். இடது கண். அதற்கு அவன் கண்ணாடியின் இடது சில்லில் ஒரு சின்ன டேப் ஒட்டியதோடு சரியாகிவிட்டது. கடையில் போர் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார்கள். இந்தக் கண் விஷயத்தை யாரும் கேட்கவில்லை.

அக்டோபர் இரண்டாவது ஞாயிறு ஒன்று விழுந்தது. முதல் குழல், எட்டாம் நம்பர், பதினைந்து மீட்டர் இருக்கும் என்றான். அக்கா அதைப் பள்ளிபாளையம் சிக்கன் பக்குவத்தில் சின்ன வெங்காயமும் வரமிளகாயும் தேங்காய்ச் சில்லும் போட்டு வதக்கியிருக்கிறாள். கறி வெள்ளை, கொழுப்பே இல்லை, கொஞ்சம் அசந்தால் சக்கையாகிவிடும் என்பது அவள் தீர்ப்பு. அப்பாரு கொண்டுவந்த கௌதாரிக்கு எண்ணெய் கூட விட்டது அவளுக்கு நினைவிருந்தது.

அன்றைக்கு ராத்திரி எனக்கு ஒரு போட்டோ வந்தது. ஸ்கேல் பக்கத்தில் ஒரு ஈயப் புள்ளி. "பல்லுல மாட்டுச்சுங்க மாமா. இது எட்டுங்களா, ஏழரைங்களா? ரெண்டு டப்பாவும் பையில இருந்துச்சு." எட்டு என்றால் 2.3 மில்லிமீட்டர், ஏழரை என்றால் 2.4. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எலும்பில் பட்டு ஒரு பக்கம் சப்பையாக நசுங்கியிருந்தது.